கையில் ஒரு சாக்கு

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் மூன்று இரவு வாலிபால் போட்டி நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். இளவட்டங்களுக்குக் கை சும்மா இருக்காது. கடலோரத்து ஊர்களில் எங்கே பார்த்தாலும் ஒரு கோப்பை, ஒரு வரிசை டியூப் லைட், ஒலிபெருக்கியில் தொண்டை கட்டிப்போன ஒரு வர்ணனையாளர். இறுதியாட்டத்தன்று திடலைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. பனைமரத்தடியிலும் டிராக்டர் மேலும் பள்ளிவாசல் மதில் மேலும் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஆடியவர்கள் 12 பேர். அவர்களில் எட்டுப் பேர் காசு கொடுத்து வெளியூரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். நான் இரண்டு பொட்டலம் வேர்க்கடலையையும் இரண்டு கிளாஸ் நன்னாரி சர்பத்தையும் முடித்துவிட்டு, "லிப்ட் சரியில்லை, லிப்ட் சரியில்லை" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சர்க்கரை பார்த்தார்கள். 286.

சவூதியில் தம்மாமில் 19 வருடம் கணக்கெழுதிவிட்டு வந்தவன் நான். நாற்காலியிலிருந்து கார், காரிலிருந்து நாற்காலி. ஊருக்கு வந்த பிறகு கார் போய் மோட்டார் சைக்கிள் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். "தினமும் அரை மணி நேரம் நடங்கள், வாரத்தில் ஐந்து நாளாவது" என்றார். இதிலென்ன கஷ்டம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. நேராக நடக்க வேண்டுமானால் அந்தச் சாலை ஒன்றுதான். மற்றதெல்லாம் மணலும் சீமைக்கருவேல முள்ளும். முதல் நாள் சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டுச் சாலையேறினேன். 300 மீட்டர் போவதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். "என்ன பாய், பஸ்ஸை விட்டுவிட்டீர்களா? ஏறுங்கள்." வேண்டாம் என்றால் மனம் நோகிறது, ஏறினால் நடை போகிறது. இரண்டாம் நாள், "வண்டி ரிப்பேரா காக்கா?" என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் என் மனைவியிடமே வந்து, வீட்டில் ஏதாவது மனத்தாங்கலா, மாப்பிள்ளை விடியற்காலையில் தனியாகச் சாலையில் போகிறாரே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் புறப்படும்போது ஒரு துணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். பையில் ஒன்றுமில்லை. அன்றைக்கு ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பையோடு போகிறவன் கடைக்குப் போகிறான், அதற்கு மேல் உலகத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோணிப்பைக்கும் சாக்கு என்று பெயர், ஒப்புக்குச் சொல்லும் காரணத்துக்கும் சாக்கு என்று பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர் என்னைப் போல விடியற்காலையில் சாலையில் நடந்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் மற்றவர்களின் சாக்குகள் கண்ணில் பட ஆரம்பித்தன. தெருமுனையில் குழாய் இருக்கும்போது என் மனைவி எதற்காகப் பள்ளிக்கூடத்துக் குழாய்வரை குடத்தோடு போகிறாள்? என் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, வயது 54. வியாழக்கிழமை தோறும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தர்காவுக்கு நடந்தேதான் போவார், ஆட்டோ வைத்துத் தருகிறேன் என்றால் கோபம் வரும். மாதா தெருவில் ஓர் அம்மா சாயங்காலம் ஆனால் சாலையோரக் குருசடிக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவார், போகும்போது ஒரு வழி, வரும்போது சுற்று வழி. இவர்கள் எல்லாரும் நடக்கிறார்கள். ஆனால் நடப்பதற்காக நடக்கிறேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருக்கிறார்கள் என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கு அது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. இதில் விளையாட்டு மட்டுமல்ல, வீட்டு வேலையும் தொழிலும் நடையும் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. அப்படிச் சேர்த்துப் பார்த்தும் பெண்கள் பின்னால் நிற்கிறார்கள் என்றால், பெண்கள் ஓய்வில்லாமல் ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்வதை ஒரு தடவை சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் சரிபார்ப்பது சுலபம். விடியற்காலை ஐந்து மணிக்கு நண்டு வலை கரைக்கு வரும். பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாக வலையிலிருந்து கழற்றுவார்கள். கால் முறியாமல், ஓடு உடையாமல் எடுத்தால்தான் விலை. பத்து மணிக்கு எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் உழைத்தது விரல்கள் மட்டும்.

பாம்பன் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி எழுகிறார்கள். மணிக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் உடம்பு. அந்தப் பெண்களிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அங்கே என் மனைவி வழி உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னது மறக்கவில்லை: "கடலுக்குள் இருக்கும்போது தோள் வலி தெரியாது அண்ணன். ஆனால் விளையாட்டாகக் கடலில் குளித்தது சின்னப் பிள்ளையில்தான்." பாக் நீரிணைப் பக்கத்தை எங்கள் ஆட்கள் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். அலை அதிகமில்லாததால் வந்த பெயர். அந்தப் பெண்கடலில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று ஒருநாள் விசாரித்தேன். விரல் விடக்கூட வேண்டியிருக்கவில்லை.

இதே கடலை 1966இல் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்தார். 1994இல் குற்றாலீஸ்வரன் கடந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண், ஆட்டிசம் உள்ளவர், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. போன தை மாதம் குடும்பத்தோடு அரிச்சல்முனைக்குப் போனேன். ஜியா கரையேறிய அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பெண்கள், கணுக்கால் நனையும்வரை இறங்கி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாதனையைப் பார்த்தால் ஊர் எழுந்து ஓடும் என்று நம்பித்தான் நாம் கோப்பைக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவு செய்கிறோம். என் அனுபவத்தில் சாதனையைப் பார்த்த ஊர் கை தட்டும். கை தட்டிவிட்டு வேர்க்கடலை வாங்கும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தார்கள். நல்ல யோசனை. நடைபாதையில் நடப்பவனிடம் யாரும் பஸ்ஸை விட்டுவிட்டாயா என்று கேட்கமாட்டார்கள். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் எங்களைப் போன்றவர்கள் நடப்பதற்காகப் பஸ் ஏற வேண்டும்.

எங்கள் ஊரில் முன்பு இதற்கெல்லாம் ஒரு வழி இருந்தது. அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. கரைவலை. என் அத்தா காலத்தில் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். இடுப்பில் பட்டையைக் கட்டி, பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி ஏலேலோ போட்டு இழுப்பார்கள். வலுவுள்ளவர்கள் தண்ணீரோரம் நிற்பார்கள். வயதானவர்கள் பின்னால் நின்று வந்த கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைப்பார்கள். பையன்கள் நடுவில் புகுந்துகொள்வார்கள். நான் ஏழு வயதில் இழுத்திருக்கிறேன். என் இழுவையால் வலை ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. ஆனாலும் முடிவில் எனக்கு ஒரு கை நிறையச் சூடை மீன் கிடைத்தது. கயிற்றைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு என்பது அங்கே எழுதாத சட்டம். நீ எவ்வளவு இழுத்தாய் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்தக் கயிற்றுக்கு இன்று எங்கள் ஊரில் வேலை இல்லை. படகுக்கு இன்ஜின் வந்துவிட்டது, ஊரில் யார் வலுவுள்ளவன் என்று பார்க்க இப்போது வாலிபால் திடலுக்குத்தான் போக வேண்டும். அங்கே 12 பேருக்குத்தான் இடம்.

அந்தத் திடலில் ஒரு மணி நேரம் கேட்பது என்று முடிவு செய்தேன். பந்தோ பணமோ கேட்கவில்லை, நேரம் மட்டும்தான். திடல் பொதுப் புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தி மஃரிப் தொழுகை வரை அது மன்றத்துப் பையன்களுக்குச் சொந்தம் என்பது ஊரறிந்த விஷயம். மன்றத்துக்குக் கேப்டன் என் தங்கை மகன்தான்.

"மாமா, நீங்கள் விழுந்தால் யார் தூக்குவது?" என்றான்.

"உன் அம்மா தூக்குவாள். நீ நேரத்தைச் சொல்."

வெள்ளிக்கிழமை ஒரு தெரு கடலுக்குப் போகாது, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தெரு போகாது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள். எல்லாரும் ஓய்வாக இருக்கும் நாள் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது. அதனால் நாளைப் பிடிக்காமல் மணியைப் பிடித்தோம். தினமும் மாலை 4 முதல் 5 வரை, 40 வயதுக்கு மேற்பட்ட யார் வந்தாலும். ஒருவரே வந்தாலும் அந்த மணி நேரம் எங்களுடையது. மருமகன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான். முதல் வாரம் நான்கு பேர் வந்தோம். அதில் இருவர் நாற்காலி கொண்டு வந்தார்கள்.

வலை எங்களுக்குத் தனியாக வேண்டியிருந்தது. பையன்களின் வலை 2.43 மீட்டர் உயரத்தில் இரும்புக் கம்பத்தில் முறுக்கிக் கட்டியது, அதைத் தாழ்த்த விடமாட்டார்கள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரிடம் போனேன். 71 வயது, சாயங்காலம் எல்லாம் வாசலில் உட்கார்ந்து பேரனின் வலையில் கிழிசலை அடைப்பார். வாலிபால் வலை பின்னித் தர வேண்டும் என்றேன். அளவு கேட்டார். நீளம் பத்து மீட்டர், அகலம் ஒரு மீட்டர், கண் பத்து சென்டிமீட்டர் சதுரம். "சதுரமா?" என்றார். வலைக்கண் என்றால் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் சாய்சதுரம், மீன் தலையை விட்டால் செவுளில் இறுகும். அறுபது வருடமாக அவர் விரல்களுக்குத் தெரிந்தது அதுதான். "சதுரக் கண்ணில் எந்த மீன் மாட்டும்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தாமே சிரித்துவிட்டார். ஊசியில் நைலான் நூலைச் சுற்றிக்கொண்டு, கண் அளவுக்கு வைக்கும் பழக்கப்பட்ட பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் புதுப் பலகை செய்துகொண்டார். மூன்றாம் நாள் வலை வந்தது. சாய்சதுரக் கண்தான். "இப்படிப் பின்னினால்தான் முடிச்சு வழுக்காது" என்றார். கட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு முழம் தொங்கியது. மேல் கயிற்றில் மிதவைக் கட்டைகளைக் கோத்திருந்தார், பழக்க தோஷம். அவற்றைக் கழற்றச் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளைக் கட்டைகள் வரிசையாக நிற்பது பந்து வலைக்கு மேலே போனதா என்று பார்க்க வசதியாகவும் இருக்கிறது. வலை கட்டியவர் அன்றைக்கே ஆடவும் இறங்கினார். அவருக்கு வலது தோள் ஏறாது, அதனால் கீழிருந்து சர்வீஸ் போடுவார். அந்த சர்வீஸை இதுவரை யாரும் ஒழுங்காக எடுத்ததில்லை.

சட்டங்களையும் எங்களுக்கு ஏற்றபடி வளைத்தோம். பந்து ஒரு தடவை தரையில் குதிக்கலாம். ஸ்மாஷ் கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் இரண்டாகப் பிரிந்துகொள்வது, கையில் கட்டுப் போட்டவன் கோட்டைப் பார்த்துக்கொள்வது. ஓர் ஊர்ப்பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு மூலையில் நிற்பார், பந்து அவர் பக்கம் போனால் வேறொருவன் ஓடி எடுக்க வேண்டும், ஆனால் புள்ளி அவர் பெயரில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும், கண்ணில் மண் விழும், அன்றைக்கெல்லாம் சிரிப்புதான் அதிகம். ஆறு மாதத்தில் என் சர்க்கரை இறங்கியது. அதற்கு மாத்திரை காரணமா பந்து காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டையும் விடாதீர்கள் என்றார்.

பெண்கள் விஷயத்துக்கு நான் காரணமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது லாத்தா கேட்டார்: "நாற்பதைத் தாண்டிய யார் வந்தாலும் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறாயே, எனக்கு 54 ஆகிறது. நான் வரலாமா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. வரலாம் என்று வாய் சொல்கிறது. நான்கு மணிக்கு நடுத்தெருத் திடலில், டீக்கடைக்கு எதிரில், லாத்தா பந்து எடுப்பதை நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சத்தை நான் இங்கே மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே ஒரு சாக்காகிவிடும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பந்து மட்டும் வாங்கிக் கொடு" என்றார்.

அவர்கள் பார்த்த இடம் மீன் ஏலக்கூடம். எனக்குத் தோன்றவே இல்லை. கூரை உண்டு, சிமெண்டுத் தரை உண்டு, விளக்கு உண்டு. காலை பத்து மணிக்கு மேல் அங்கே காக்கை தவிர ஆளில்லை. கடல் பக்கம் மட்டும்தான் திறப்பு. சாக்கும் தயாராக இருந்தது: செவ்வாயும் சனியும் மகளிர் குழுக் கூட்டம். கூட்டம் நிஜமாகவே நடக்கும். சேமிப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் இரண்டு கல்லில் கயிற்றைக் கட்டித் த்ரோபால். வாலிபாலைப் போலத் தட்ட வேண்டியதில்லை, இரண்டு கையாலும் பிடித்து மூன்று வினாடிக்குள் ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். 1940களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சென்னையில் பெண்கள் ஆட்டமாகப் பரவியது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த பெண்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. பெரியவளான அன்றைக்கு விட்ட பந்தைச் சிலர் 35 வருடம் கழித்துக் கையில் எடுத்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொள்வார்கள், புர்கா போட்டவர்கள் உள்ளே வந்ததும் கழற்றி எடைத்தராசின் மேல் போட்டுவிடுவார்கள். செல்போனை வாசலில் ஒரு கூடையில் வைத்துவிட வேண்டும் என்பது லாத்தா போட்ட ஒரே சட்டம். ஆண்கள் யாரும் உள்ளே போகக்கூடாது. இதையெல்லாம் நான் கேட்டுத்தான் எழுதுகிறேன். பந்து சுவரில் மோதும் சத்தமும் சிரிப்பும் சாலைவரை கேட்கும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுத ஆசைதான். கழுவிய தரையில் மீன் செதில் ஒட்டியிருந்ததில் ஒரு பெண் வழுக்கிக் கணுக்கால் வீங்கியது. "இந்த வயதில் இது தேவையா?" என்று அவர் வீட்டில் மூன்று நாள் பேச்சு. எங்கள் ஆட்டம் பள்ளிக்கூடக் குழாய் பக்கத்துக் கோட்டைத் தொட்டதா தாண்டியதா என்ற சண்டையில் இரண்டு வாரம் நின்றது. இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்ததும் 19 பெண்கள் 7 ஆகிவிட்டார்கள். தை பிறந்த பிறகு லாத்தா வீடு வீடாகப் போனார். ஆட்டத்துக்கு வா என்று அவர் ஒரு வீட்டிலும் கேட்கவில்லையாம். "செவ்வாய்க்கிழமை நீ வரவில்லை, கணக்கு உதைக்கிறது" என்று மட்டும் சொன்னாராம். மாசிக்குள் 19 பேரும் திரும்பிவிட்டார்கள்.

இப்போது புதுச் சிக்கல். விஷயம் கேள்விப்பட்டு வடக்கே ஓர் ஊரின் மகளிர் குழு நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறது. சின்னக் கோப்பை ஒன்றும் வைத்திருக்கிறார்களாம். ஆட்டம் என்றால் அணிக்கு 7 பேர். எங்கள் பக்கம் நன்றாக எறியக்கூடிய 7 பேர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், மீதி 12 பேருக்கும் தெரியும். என் மருமகன் உற்சாகமாகப் பயிற்சி கொடுக்க வருகிறேன் என்றான், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டான். நேற்று இரவு லாத்தா என்னை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நாங்கள் வருகிறோம், கோப்பை வேண்டாம், எங்கள் அணியில் 19 பேர், உங்களிடம் எத்தனை பேர் இருந்தாலும் சரி, எல்லாரையும் இறக்குங்கள். எழுதிக் கொடுத்தேன். காலையில் பையை எடுத்துக்கொண்டு நடந்துபோய் அந்த ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை.